பெண்டுகள் நிற்கிற கடல்

வைகாசி மாதத்துப் பின்னேரம் ஒன்றில், பருத்தித்துறை முனைக் கரையில் அருந்ததி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றபோது, அவளைச் சுற்றியிருந்த கடல் கொதித்தது. முதலில் அவள் போட்டிருந்த சோட்டியின் விளிம்பிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்தன. பிறகு வெள்ளையாக ஆவி எழும்பியது. காற்று விழுந்திருந்த நேரம் என்பதால் அது நேராகப் பனை உயரத்துக்குப் போய்த்தான் கலைந்தது. கரையில் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதைக் கண்டார்கள். அன்று சந்தையில் பாரை மீனின் விலை ஏறியிருந்தது. ஆகவே ஊர் முதலில் பாரையைப் பற்றிக் கதைத்துவிட்டு, பிறகு அருந்ததியைப் பற்றிக் கதைத்தது.

அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கணவன் குகதாசன் சொந்தப் படகில் தொழிலுக்குப் போகிறவன். ஒரே மகள் நிவேதனா மட்டக்களப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்திய வருடம் அருந்ததியின் இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில் கீமோ ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டியது, நாக்கில் ருசி செத்தது, நகங்கள் கறுத்தன. இடையில் மாதவிலக்கும் நின்றது. மருந்து முடிந்த பிறகு மயிர் திரும்பி வந்தது, முன்பில்லாத சுருளோடு வந்தது; ருசியும் நகமும் வந்தன; நின்றது மட்டும் நின்றதுதான். அப்படி ஆகலாம் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால், உயிர் தப்புமா என்பதற்கு மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போது வேறெதுவும் கேட்கவில்லை. நோய் திரும்பி வராமல் இருக்க வருடக்கணக்கில் நாளுக்கொரு மாத்திரையாகக் குளிசை போட வேண்டும் என்றும் சொன்னார்கள். அவள் போட்டாள்.

வெக்கை அதற்குப் பிறகு வந்தது. நெஞ்சுக்குள் யாரோ சிரட்டைக் கரியை ஊதிவிட்டதுபோலத் தொடங்கி, கழுத்தால் ஏறி, முகத்தைச் சிவக்க வைத்து, காதுமடலால் வெளியேறும். உடம்பு முழுக்க வியர்த்து ஊற்றும். கொஞ்ச நேரத்தில் அந்த வியர்வையே குளிர்ந்து நடுக்கமெடுக்கும். வைரவர் கோயிலில் அவள் கற்பூரத் தட்டுக்குப் பக்கமாகக் குனிந்தபோது, ஐயர் நெருப்புக்குச்சி தட்ட முன்பே கற்பூரம் பற்றிக்கொண்டது. ஐயர் மணியை அடித்தார். குகதாசன் கடலுக்குக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டியை அவள் தூக்கிக் கொடுத்தால் உள்ளே வெந்நீர்தான் இருந்தது. மாரி காலத்தில் ஊரெல்லாம் ஈரத்துணி மணக்க, அவளுடைய வீட்டுக் கொடியில் மட்டும் சீலைகள் மொறுமொறுவென்று காய்ந்தன.

அவளும் சும்மா இருக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் குடித்த தேத்தண்ணியை விட்டாள். கறிக்குத் தூள் குறைத்தாள். நைலோன் துணிகளைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுப் பருத்திச் சோட்டிகள் தைப்பித்தாள். கைப்பையில் ஓலை விசிறி ஒன்றும் ஈரத் துவாய் ஒன்றும் எப்போதும் இருந்தன. கலியாண வீடுகளில் மின்விசிறிக்குக் கீழேயுள்ள கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். எல்லாம் கொஞ்சம் உதவின. ஆனால் அந்த மாசி மாதம் குகதாசன் தன் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனான். ‘உள்ளுக்கை புழுக்கமாய்க் கிடக்கு’ என்று மட்டும் சொன்னான். அருந்ததி ஏன் என்று கேட்கவில்லை. சட்டைக்குள்ளே தட்டையாக இருந்த இடது பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். காரணம் அதுதான் என்று தானாகவே முடிவெடுத்துக்கொண்டாள். அந்த முடிவை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. மகள் தொலைபேசியில் ‘எப்பிடி அம்மா இருக்கிறியள்’ என்று கேட்டபோது ‘சுகமாய் இருக்கிறன்’ என்றாள்.

கடலில் இறங்குவது தற்செயலாகத்தான் தொடங்கியது. ஒரு பின்னேரம் வீட்டுக்குள் இருக்க முடியாமல் கரைக்கு வந்தாள், கால் நனைத்தாள், பிறகு இடுப்புவரை போனாள். தண்ணீர் அவளுடைய சூட்டை வாங்கிக்கொண்டது. நெஞ்சுக்குள் கரி அணைகிற சத்தம் தனக்குக் கேட்டதாக அவள் பிறகு சொன்னாள். அன்றிலிருந்து நாள்தோறும் போனாள். முதலில் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள், பிறகு அவர்களுக்கும் அலுத்துவிட்டது. கடற்படைக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் வந்து, தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்து, விரலை உதறிக்கொண்டு திரும்பிப் போனான்.

பிரச்சினை சூடை மீனால் வந்தது. கரையோரம் கூட்டமாக வருகிற சூடை அந்த வருடம் முனையை விட்டு விலகி ஓடியது. தொழிலாளர் சங்கம் கூடியது. தலைவர் இராசநாயகம் நிதானமான மனிதர், யாரையும் நோகப் பேசமாட்டார். “நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை,” என்றார். “ஆனால் தண்ணி சுடுது. சுடுதண்ணியிலை சூடை நிக்குமே? அந்தப் பிள்ளை கொஞ்ச நாளைக்குக் கடலிலை இறங்காமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது.” குகதாசன் பின்வரிசையில் இருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து, “கொஞ்ச நாளைக்கு உங்கை கடலுக்குப் போகாதை,” என்றான்.

“ஏன்?”

“சங்கத்திலை கதைக்கினம்.”

“நீங்கள் என்ன கதைச்சனீங்கள்?”

அவன் சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அடுத்த நாள் காலையில் அருந்ததி குளிசையைக் கையில் எடுத்தாள், திரும்ப அட்டைக்குள் தள்ளினாள், அட்டையைச் சாமித்தட்டுக்குப் பின்னால் வைத்தாள். யாருக்கும் தெரியாமல் அப்படியே நிறுத்திவிட்டாள். வைத்தியர்கள் சொல்லும் கணக்கு எப்படியோ, வெக்கை சில கிழமைகளில் வடிந்துபோனது. கடல் குளிர்ந்தது. சூடை திரும்பி வந்தது. ஊர் பொரித்துத் தின்றது. குகதாசன் பாயை உள்ளே கொண்டுவந்தான். அருந்ததி தேத்தண்ணி குடித்தாள். எல்லாம் பழையபடி இருந்தது. ஆனால் குளிக்கும்போது அவளுடைய விரல்கள் தாமாகவே வலது மார்பைத் தடவிப் பார்த்தன. கக்கத்தைத் தடவிப் பார்த்தன. பயம் வெக்கையைப்போலச் சிவக்க வைக்காது, வியர்க்க வைக்காது. ஆகவே வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது கிளினிக் தாதி தனுசியா. இரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். முந்திய தடவை அருந்ததியின் கக்கத்தில் வைத்த தெர்மோமீற்றர் சூட்டில் வெடித்திருந்தது.

“அக்கா, கை குளிருது. குளிசை போடுறியளோ?”

அருந்ததி வாசலில் நின்ற கணவனைப் பார்த்தாள். “இல்லை மிஸி. நிப்பாட்டிப்போட்டன்.”

“எப்ப?”

“ஆனியிலை. உந்தச் சூடு தாங்கேலாமல்… எனக்கு மட்டுமெண்டால் தாங்குவன் மிஸி. ஊருக்கெல்லாம் எண்டால் என்ன செய்யிறது?”

தனுசியா ஏசவில்லை. “சூட்டுக்கு மருந்து இருக்கு. முழுக்க நிக்காது, குறையும். ஆனால் டொக்டரைக் கேக்காமல் குளிசையை உங்கடை பாட்டிலை நிப்பாட்டாதேங்கோ. வாங்கோ, டொக்டரோடை கதைப்பம்,” என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் நிறைய நேரம் கதைத்தார். வெக்கையைக் குறைக்க வேறொரு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது குகதாசன் நெல்லியடியில் மோட்டச்சைக்கிளை நிற்பாட்டினான். கூல்பாரில் இரண்டு பேருக்கும் சர்பத் சொன்னான். சர்பத் வந்தது, அவன் குடிக்கவில்லை.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால்? திரும்ப விறாந்தைக்குப் போவியள்.”

“அது…”

“எனக்கு விளங்கும். ஒரு பக்கம் இல்லாத ஆளோடை படுக்கிறது ஆருக்கும் கஷ்டம்தான். நான் குறை நினைக்கேல்லை.”

குகதாசன் சேட்டின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். உள்பக்கத்தில், நித்திரையில் அவளுடைய தலை கிடக்கும் இடத்தில், கயிறு அறுத்ததுபோலச் சிவப்பாகவும் பிறகு கறுப்பாகவும் ஆறிய தழும்புகள் இருந்தன. தோளிலும் ஒன்று இருப்பதாகச் சொன்னான்.

“நீ முட்டினால் சுட்டுப்போடும். உனக்குத் தெரிஞ்சால் நீ அழுவாய். அதுதான் வெளியிலை போனனான்,” என்றான். “மற்றதை நான் யோசிக்கவே இல்லை. நீ இருக்கிறாய். அதைத்தான் யோசிச்சனான்.”

அருந்ததி அந்தத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய விரல் அன்று குளிர்ந்திருந்தது. கூல்பார்க்காரன் அவர்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

“குளிசையைப் போடு,” என்றான் குகதாசன். “சூடெண்டால் சூடு. சங்கத்தை நான் பாக்கிறன்.”

அன்று மாலையே அவன் இராசநாயகத்தின் வீட்டுக்குப் போனான். கூட்டத்தில் எழும்பாதவன் அங்கே உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்: “அண்ணை, அவளின்ரை குளிசை நிக்காது. அவள் கடலுக்கு வாறதும் நிக்காது. வேணுமெண்டால் நான் என்ரை வலையை வேறை இடத்திலை போடுறன். மற்றவையும் கொஞ்சம் தள்ளிப் போடட்டும்.” இராசநாயகம் தாடையைத் தடவிக்கொண்டு, திரும்பக் கூட்டம் வைத்துக் கதைப்போம் என்றார். தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி நாகேஸ்வரி, கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அந்தக் கூட்டம் நடக்கவேயில்லை. குளிசை மறுபடி உடம்பில் ஊறி, வெக்கை திரும்பி, அருந்ததி கடலில் இறங்கிய முதல் பின்னேரம், நாகேஸ்வரி கரைக்கு வந்து செருப்பைக் கழற்றி வைத்தாள். ஐம்பத்துநாலு வயது, பாரமான உடம்பு. சீலையோடே மெல்ல மெல்ல இறங்கி வந்து அருந்ததிக்குப் பக்கத்தில் நின்றாள். சிறிது நேரத்தில் அவளைச் சுற்றியும் ஆவி எழும்பியது. அருந்ததியுடையதைப்போல உயரமானதல்ல, சோற்றுப்பானை மூடியைத் திறந்த அளவுதான். ஆனால் கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“அக்கா, உங்களுக்குமோ?”

“எனக்கு ஏழெட்டு வருசமாய்ப் பிள்ளை. இவரிட்டை எனக்குப் பிறஷர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.” நாகேஸ்வரி தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். “கோபம் வருதோ உனக்கு? சும்மா, காரணமில்லாமல்?”

“வரும். அழுகையும் வரும்.”

“எலும்பு உளையுதோ?”

“ஓம்.”

“நான் இதைக் கதைக்க ஒரு ஆளில்லாமல் இருந்தனான்,” என்றாள் நாகேஸ்வரி.

இராசநாயகம் கரைக்கு வந்து நின்றார். மனைவியைச் சுற்றி எழும்புகிற ஆவியைக் கண்டார். பிறஷர் மாத்திரை என்று தான் வாங்கிக் கொடுத்தவற்றை அப்போது நினைத்திருக்க வேண்டும். “வீட்டை வாறியோ?” என்று மட்டும் கேட்டார். “பேந்து வாறன், நீங்கள் போங்கோ,” என்று சொல்லிவிட்டு நாகேஸ்வரி முதுகைக் காட்டினாள். அவர் அவளுடைய செருப்புகளை அலை தொடாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை மீன் விற்கிற கிறிஸ்ரினா வந்தாள்; கர்ப்பப்பையோடு சூல்பைகளையும் எடுத்த பிறகு தனக்கும் இப்படித்தான் என்றாள். பிறகு தும்பளையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் குடையோடு வந்தாள். மாரிக்கு முன் ஏழெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். யாருக்கு எந்த மருந்து ஒத்துவந்தது, எந்தக் கறி கூடாது, எந்தப் புருசன் கேட்கிறான், எந்தப் புருசன் கேட்கிறதுபோலத் தலையாட்டுகிறான் என்பதெல்லாம் அங்கேதான் கதைக்கப்பட்டன. புது மருந்தால் அருந்ததியின் ஆவி பனை உயரத்திலிருந்து முருங்கை உயரத்துக்கு இறங்கியது. குகதாசன் தோளில் ஈரத் துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு உள்ளேயே படுத்தான். துவாய் காய்ந்தால் எழும்பி நனைத்துக்கொண்டு வந்தான். சூடை கொஞ்சம் மேற்கே தள்ளிப் போனது. படகுகளும் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போயின. எரிபொருள் கூடச் செலவாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள், போகவும் செய்தார்கள்.

வருடங்கள் போயின. மகள் படிப்பு முடித்து வந்தாள். டொக்டர்கள் அருந்ததியைப் பரிசோதித்து, இனிக் குளிசை வேண்டாம் என்றார்கள். அவளுடைய வெக்கை மெல்ல மெல்ல அடங்கியது. கீமோ முடித்துப் புதிதாக வருகிறவர்கள் கரையில் தயங்கி நிற்பார்கள் என்பதற்காக அவள் பின்னேரங்களில் தொடர்ந்து போனாள். கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். கொழும்பிலிருந்து மீன் எடுக்க வந்த ஒரு வியாபாரி, குகதாசனின் படகில் வரும்போது கரையோரம் வரிசையாக எழும்பும் ஆவியைக் கண்டு, அங்கே என்ன எரிகிறது என்று கேட்டான்.

“எரியேல்லை. பெண்டுகள் நிக்கினம்,” என்றான் குகதாசன். எஞ்சினை நிற்பாட்டினான், அலை எழும்பி அவர்கள் மேல் அடிக்காதபடி கோலால் ஊன்றிப் படகைச் சுற்றிக் கொண்டுபோனான்.