தாயம்மாள் பார்த்த விமான விபத்துகள்

தாயம்மாள் அக்காவின் ரயிலில் ஒரு விமானம் விழ இருபத்தைந்து நிமிடம் ஆகும். நெமிலிச்சேரியில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் செல்போனில் பாதிப் படம்தான் ஓடும். விமானம் கிளம்பி, ஏதோ கோளாறாகி, விழுந்து, ஆட்களைத் தேடுகிற வரைக்கும் காலையில். ஏன் விழுந்தது என்பது மாலை ரயிலில். நடுவில் எட்டு மணி நேரம் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டுவார். ஓட்டிக்கொண்டே அது ஏன் விழுந்திருக்கும் என்று யோசிப்பார். மறுநாள் வந்து சொல்வார். பாதிக்கு மேல் அவர் யோசித்ததே சரியாக இருக்கும்.

எல்லாம் யாரோ தமிழில் பேசி யூடியூபில் ஏற்றிய ஆவணப்படங்கள். விபத்துப் படம் கிடைக்காத நாளில், இப்படியும் ஒரு ஆள் வாழ்ந்தாரா என்று கேட்கவைக்கிற ஆட்களைப் பற்றிய படம். இரண்டு கையும் இல்லாமல் கார் ஓட்டியவர், பனியில் மூன்று வாரம் கிடந்து பிழைத்தவர், இப்படி. சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் கதை உண்டு. ஃபோர்மேன் ஜெகதீசன் தட்டோடு வந்து உட்காரும்போதே ஆரம்பிப்பார்.

"இன்னா பைலட்டம்மா, இன்னிக்கு எத்தினி பேரு காலி?"

"நூத்தி நாப்பது. நீ மொதல்ல கொயம்ப இப்பிடித் தள்ளு."

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. அவரும் அவர் அம்மாவும் களை பறித்த நிலமெல்லாம் பிளாட் போட்டு விற்றுப்போன பிறகு பட்டறைக்கு வந்தவர். விமானத்தில் ஏறியதே இல்லை. விமானப்படைத் தளம் இருக்கிற முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் தாழப் பறக்கிறதை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பத்தொன்பது வருடம் பிரஸ் ஓட்டி அவருக்குப் பத்து விரலும் மிச்சம். எங்கள் தொழிலில் அது சின்ன விஷயம் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் நடேசன். நான் செட்டர். பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாட்டி, ஓட்டிப் பார்த்து, ஆபரேட்டர் கையில் கொடுப்பது என் வேலை. எங்கள் பிரஸ்ஸில் இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே நிற்கிற இரும்பு இறங்கி தகட்டை அடிக்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்காது. அதற்குத்தான் இரண்டு பட்டன்.

மார்ச் மாதம் டார்கெட்டை ஏற்றினார்கள். ஒரு ஷிப்டுக்கு மூவாயிரத்து ஐந்நூறு பீஸ் இருந்தது நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ஆனது. இரண்டு கையால் அது முடியாது. அதனால் இடது பட்டனை அழுத்தினபடியே நிறுத்த ஒரு துண்டைச் செருகிவிடுவோம். அப்புறம் வலது கை பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும், இடது கை தகட்டை வைத்து எடுத்துக்கொண்டே இருக்கும். சிலர் அட்டையை மடித்துச் செருகுவார்கள். நான் நைலானை லேத்தில் கடைந்து அளவாகச் செய்வேன். நழுவாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்த கோமளா ஏப்ரலில் என்னிடம் வந்து கேட்டது. "அண்ணா, எனக்கும் அத்த ஒண்ணு போட்டுக் குடு. தெனமும் நின்னுகினு திட்டு வாங்க முடில." போட்டுக் கொடுத்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு ஒரு தகடு டையில் சிக்கியது. கோமளா இடது கையால் அதைத் தள்ளியது. வலது கை பழக்கத்தில் தட்டிவிட்டது. இரண்டு விரல் போய்விட்டது. எல்லாரும் கோமளாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. பட்டனிலிருந்து நைலான் துண்டைப் பிடுங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் ஓடினேன்.

வெள்ளிக்கிழமை எழில் என்னையும் தாயம்மாள் அக்காவையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். எழில் ஹெச்.ஆர்., கரூர்க்காரர், சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தார். மேஜையில் விபத்துப் படிவம் இருந்தது. பக்கத்தில் ஜெகதீசன் நின்றிருந்தார்.

"சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணும். செட்டர்ங்கிறதால நடேசண்ணா, பக்கத்து மிஷின்ங்கிறதால நீங்க" என்றார் எழில்.

"படிச்சிக் காட்டு தம்பி" என்றார் தாயம்மாள் அக்கா.

"விபத்துக்கான காரணம்: இயக்குபவரின் கவனக்குறைவு."

"அப்பால?"

"அவ்வளவுதாங்க்கா. அந்த எடத்துல ஒரு வரிதான் எழுத முடியும்."

அந்த ஒரு வரி ஃபைலில் ஏறினால் கோமளாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கமாட்டார்கள். கவனமில்லாத ஆள் என்று பெயர் வந்துவிட்டால் எஸ்டேட்டில் வேறு எந்தப் பட்டறையிலும் எடுக்கமாட்டார்கள். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

"நான் போடல" என்றார் அக்கா.

ஜெகதீசன் சிரித்தார். "பைலட்டம்மா ஆரமிச்சிட்டாங்கோ."

"ஆமா நைனா. ஏரோப்ளேன் உயுந்தா மொத நாளே பைலட்டு மேல தப்புன்னுடுவாங்கோ. அவன் செத்துப் பூட்டான், எயுந்து வந்து பதில் சொல்லமாட்டான் பாரு. ரெண்டு வர்சம் தோண்டிப் பாத்தா எங்கியோ ஒரு ஸ்குரூவு கயண்டுகினு இருந்திருக்கும். கோமளா ஆஸ்பத்திரில கீது. அதும் வந்து பதில் சொல்லாது."

"அது ஏரோப்ளேன்க்கா. இது பிரஸ்ஸு" என்றார் ஜெகதீசன்.

"தெரியும். அது உயுந்தா ஒலகமே கேக்கும். இத்த நம்மள வுட்டா யாரு கேக்கப்போறா?" என்று சொல்லிவிட்டு எழில் பக்கம் திரும்பினார். "தம்பி, எத்தினி பட்டன அமுக்குனா அது எறங்கும்?"

"ரெண்டு."

"ரெண்டு பட்டன்லயும் ரெண்டு கை. அப்ப உள்ள போன கை யாருது?"

எழில் படிவத்தைப் பார்த்தார். நாலு மாதத்தில் அவர் மிஷின் ஓடுகிற ஷாப்புக்குள் வந்தது மொத்தம் மூன்று தடவை இருக்கும்.

"அமுக்கிட்டு லபக்குனு கைய வுட்டுருக்கும்" என்றார் ஜெகதீசன். "அவசரம்."

"சரி. வா, போயி பாத்துடலாம்."

ஏழாம் நம்பர் பிரஸ் திங்கட்கிழமையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளை போர்டு. ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பீஸ் என்று அதில் மார்க்கரால் எழுதவேண்டும். மிஷின் ஓடாததால் யாரும் அழிக்கவில்லை. எட்டிலிருந்து ஒன்பது, அறுநூற்றுத் தொண்ணூறு. ஒன்பதிலிருந்து பத்து, எழுநூற்று இரண்டு. பத்திலிருந்து பதினொன்று, எழுநூற்று எட்டு. கோமளாவின் கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து.

"கருப்புப் பொட்டின்னு சொல்றாங்களே, அது கருப்பு இல்ல தம்பி, ஆரஞ்சு கலரு" என்றார் அக்கா. "நம்மளுது வெள்ள. கடேசி வரிக்கும் இன்னா நடந்துச்சுன்னு இதுல கீது."

அப்புறம் சொன்னார். "படத்துல இன்னா பண்ணுவாங்கன்னா, வேற பைலட்டுங்கள அதே மாரி ஒரு மிஷின்ல உக்கார வெச்சி ஓட்டச் சொல்வாங்கோ. இவன் பண்ணத அவங்களால பண்ண முடியுதான்னு பாப்பாங்கோ. நடேசு, ரெண்டு பட்டனும் ஒயுங்கா கீதான்னு பாத்துக் குடு."

பார்த்தேன். இடது பட்டனை மட்டும் அழுத்தினேன், இறங்கவில்லை. வலது மட்டும், இறங்கவில்லை. இரண்டையும் அழுத்தினேன், இறங்கியது. துண்டு பாக்கெட்டில் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழில் செல்போனில் நேரம் வைத்தார். நான் பத்தொன்பது வருடமாக அக்கா வேலை செய்வதைப் பார்க்கிறவன், அன்றைக்கு மாதிரிப் பார்த்ததில்லை. தகடு உள்ளே போகும், இரண்டு கையும் விலகும், தட்டும், கை திரும்ப உள்ளே போய்ப் பீஸை எடுக்கும். ஒரு அசைவு வீண் இல்லை. மற்ற மிஷின்காரர்களும் நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. பத்து நிமிடம் ஆனதும் எழில் குனிந்து எண்ணினார்.

"எண்பத்தி மூணு."

"மணிக்கு எத்தினி வர்து?"

"நானூத்தித் தொண்ணூத்தி எட்டு."

"ஜெகதீசா, இந்த ஷாப்புல என்னியவிட ஸ்பீடா ஓட்டற ஆளு யாரு?"

ஜெகதீசன் ட்ரேயிலிருந்து ஒரு பீஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லு நைனா."

"யாருமில்ல."

"அப்ப கோமளா எய்நூத்தி எட்டு எப்பிடி ஓட்டுச்சு? மூணாவது கை எதுனா வெச்சிகினு கீதா?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். எழில் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் வந்த டார்கெட் தாளை நோட்டீஸ் போர்டில் பின் குத்தியது அவர்தான்.

"யாரு என்ன செஞ்சது?" என்று கேட்டார்.

"யாருன்னு கேக்காத தம்பி. அப்பிடிக் கேட்டா எல்லாரும் வாயப் பொத்திக்குவாங்கோ. பட்டன்ல இன்னா இருந்துச்சுன்னு கேளு."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரியும். பக்கத்து மிஷின்தானே, நான் பிடுங்கினதைப் பார்த்திருப்பார். நாலு நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீஸ் ட்ரேயை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார், மெதுவாக, யாரோ ஒருவருக்கு நேரம் கொடுக்கிற மாதிரி.

"நைலான் துண்டு" என்றேன். எடுத்து டை மேல் வைத்தேன். "நான் கடைஞ்சது."

"நடேசா" என்றார் ஜெகதீசன், "ஊட்டுக்குப் போயி யோசிச்சிகினு வந்து பேசு."

"நாலு நாளா அத்தத்தான் பண்ணிகினு கீறேன்ணா."

எழில் புதுத்தாள் எடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி, இணைப்பை என்னையே எழுதச் சொன்னார். டார்கெட் ஏறியது, துண்டு வைத்தது, தகடு சிக்கியது, நான் பிடுங்கி ஒளித்தது. கோமளாவாக வந்து கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அத்தயும் எய்து" என்றார் அக்கா.

"கோமளாவுக்குத்தானேக்கா கெட்டதாப் பூடும்."

"ஏன் கேட்டுச்சுன்னு அடுத்த வரில எய்து. பாதிய மறச்சா, நாளிக்கு ஒர்த்தன் வந்து மீதியும் பொய்யின்னுடுவான்."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அக்கா முழுசாக ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகப் போட்டார்.

எனக்குப் பத்து நாள் சஸ்பென்ஷன். ஜெகதீசன் இன்னும் ஃபோர்மேன்தான். இணைப்பைப் படித்த பிறகு டார்கெட்டை மூவாயிரத்து ஐந்நூறுக்கே இறக்கினார்கள். ஒரு பட்டனில் எதைச் செருகினாலும் இறங்காத மாதிரி வயரிங் மாற்ற ஆள் வந்தார். நாலு பிரஸ்ஸில் முடிந்திருக்கிறது, மூன்று பாக்கி. அக்கா தினமும் எழிலிடம் அந்த மூன்றைப் பற்றிக் கேட்கிறாராம். கை ஆறினதும் கோமளாவுக்கு இன்ஸ்பெக்ஷன் மேஜையில் வேலை என்று கடிதமாகவே கொடுத்தார்கள். வாயால் சொல்வது போதாது என்று அக்கா கேட்டு வாங்கிய கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கடிதத்தையும் இணைப்பின் ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோமளா கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு இணைப்பைத்தான் முதலில் படித்தது. வலது கையில் தாளைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, இரண்டு தடவை படித்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கவனக்கொறவுன்னு எங்கியும் இல்லியா?"

"இல்ல" என்றார் அக்கா.

கோமளா தாளை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தது. பிறகு, "அன்னிக்கு காத்தால டீ குடிக்கசொல்ல ஒண்ணு சொன்னியே, கடல்ல உயுந்தது. அது ஏன் உயுந்துச்சு?" என்று கேட்டது.

"நானே பாக்கல. அன்னிக்கு சாய்ந்தரம் ரயில்ல போனத் தொறக்கவே மன்சு வர்ல."

"அப்ப மீதி அப்பிடியே கீதா?"

"அப்பிடியே கீது."

அக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்து செல்போனை எடுத்தார். கோமளா நகர்ந்து இடம் விட்டு, வலது கையால் போனைப் பிடித்துக்கொண்டது. கடலில் கயிறு கட்டி ஏதோ ஒரு இரும்புத் துண்டை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா" என்றது கோமளா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பிடி வந்து உக்காரு. அங்கேர்ந்து ஒண்ணியும் தெரியாது."