மறுபடி எடுத்த படம்

"இதுதான்ப்பா. இதைவிட நல்ல படம் தேடினாலும் கிடைக்காது" என்று சொல்லி மகள் கம்ப்யூட்டர் திரையை அப்பா பக்கமாகத் திருப்பினாள்.

வாசலில் மருமகன் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றான். இப்போதே கொண்டுபோய்க் கொடுத்தால் மதியத்துக்குள் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தருவதாக ஸ்டுடியோவில் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் பிரிக்கப் பார்த்து, சத்தத்தோடேயே பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது.

படத்தில் அவர் மனைவி கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் கடல். முடி காற்றில் நெற்றிக்கு மேல் எழும்பியிருந்தது. கண்கள் சுருங்கி, வாய் நன்றாகத் திறந்திருந்தது.

"அம்மா எந்தப் படத்துலயாவது சிரிச்சுப் பாத்திருக்கீங்களா? கேமராவைக் கண்டாலே 'சில்லறை இல்ல, அடுத்த கவுண்டருக்குப் போங்க'ன்னு சொல்ற மூஞ்சிய வெச்சுக்குவா. இதுல பாருங்க, வாய்விட்டுச் சிரிக்கிறா."

"வேற ஏதாவது பாரேன்."

"ஏம்ப்பா?"

"இல்ல... முடியெல்லாம் கலைஞ்சிருக்கு."

"கலைஞ்சா என்ன? அழகாத்தான் இருக்கா. நான் கேட்டேன்னுதானே எடுத்தீங்க? கேக்காம விட்டிருந்தா இதுகூட..."  புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் பென் டிரைவில் ஏற்றி, புருஷன் கையில் கொடுத்தாள்.

வண்டி கிளம்பிப் போகும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஒரு தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுவதும் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். தெருவுக்கே இன்றைக்கும் ஸ்டோர்காரர்தான். எந்தத் திருகாணி எந்த ராக்கில் கிடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்றதும் அந்தக் கவனத்துக்குத் தீனி இல்லாமல் போயிற்று. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்க ஆரம்பித்தார். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நூலகத்தில் வயதானவர்களுக்கு நடந்த செல்போன் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். "அங்க போய் எதையாவது அடுக்குங்க. என் மிளகாய்த்தூளை விட்டுடுங்க" என்றாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து தீட்டிய நாக்கு அவளுக்கு.

இருவரும் ஊர் சுற்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதல் பயணத்தில் எடுத்த படங்கள் அத்தனையும் போனோடு சேர்ந்து படகிலிருந்து ஆற்றில் விழுந்தன. அவள் அன்றே சிரித்து மறந்துவிட்டாள். அவருக்கு, சரக்கு இருப்பில் குறைந்ததுபோல நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து, கையில் ஒன்று, பெட்டியில் ஒன்று, வெளியில் ஒன்று என்று வைத்துக்கொண்டார். கையில் போன். பயணத்தில் பெட்டியிலும் வீட்டில் பீரோவிலுமாகத் துண்டு சுற்றிய ஹார்ட் டிஸ்க். வெளியில் என்றால் இணையம். அங்கே போடும் படங்கள் மகளுக்கும் தெரியும். லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒயரைத் தேடுவார். "ஊருக்கு வந்தது ஊரைப் பாக்கவா, உங்க ஒயரைப் பாக்கவா?" என்பாள்.

அந்தக் கடலோர ஊரில் அன்று காலை ஒருமுறை கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கியாகிவிட்டது. கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தவருக்குப் பகீரென்றது. மேலே எடுத்த படங்களில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இடம் நிறைந்துவிட்டது என்று போன் சொல்லியிருக்கிறது. வெயிலில் அதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறார். போன் கையில் இருக்கும்போதே மகளிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது: 'லைட்ஹவுஸ் மேல அம்மாவை மட்டும் தனியா ஒரு படம் எடுத்துப் போடுங்கப்பா.'

"விடுங்க" என்றாள் மனைவி. "கண்ணால பாத்தாச்சு, காத்தும் வாங்கியாச்சு."

மறுபடி ஏறலாம் என்று அவர் கேட்கவில்லை. முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டார். பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணினார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. வாய் திறந்து கேட்டிருந்தால் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாள். அந்த முகத்துக்குத்தான் கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் பதில் கிடையாது.

"எந்திரிங்க" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இந்த மூஞ்சியோட லாட்ஜ் வரைக்கும் வர என்னால ஆகாது."

பாதிப் படியில் அவள் குரல் கீழிருந்து வந்தது. "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க."

"மேகம் வருது. வெளிச்சம் போச்சுன்னா ஏறினதே வீண்" என்று திரும்பாமலே சொன்னார். பிறகு, ஏறிவருவதையும் எடுப்போமே என்று திரும்பிக் கீழ்நோக்கி ஒரு படம் எடுத்துவிட்டு மேலே நடந்தார்.

அவள் வந்து சேர்ந்தாள். கம்பியை எட்டிப் பிடித்து வாயைத் திறந்தாள். "அப்படியே இரு" என்றார் இவர்.

அன்று சாயங்காலம் இடது கை கடுக்கிறது என்றாள். "பையை நான் தூக்கிக்கறேன்னா கேட்டியா?" என்று, ஒயரிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். மறுநாள் வீடு திரும்பினார்கள். வந்து இரண்டு நாள் துணி துவைத்தாள், தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள், சீக்கிரம் சீக்கிரம் படுத்துக்கொண்டாள். இன்று விடியும்போது எழுந்திருக்கவில்லை.

காலையில் வந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "இதயம்தான். ரெண்டு மூணு நாளா ஏதாவது சொன்னாங்களா? மூச்சு வாங்குது, கை வலிக்குதுன்னு?"

மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையே. நல்லாத்தான் இருந்தா" என்றார். அந்த வார்த்தை அவ்வளவு சுளுவாக வந்து விழுந்தது.

மதியம் படம் வந்துவிட்டது. தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார்கள். வருகிறவர்கள் கீழே கிடப்பவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் படத்திலேயே கண்ணை நிறுத்தினார்கள். அதுதான் பார்க்கச் சுலபமாக இருந்தது.

அவளோடு வேலை பார்த்த பழைய தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "என்னா சிரிப்பு சார்! ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்களுக்கு இப்படிச் சிரிச்சுக் காட்டியிருந்தா இன்னும் பத்துத் தெரு சேத்துச் சுத்தியிருப்போமே." சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மகள்கூடச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அழுதாள்.

"கடைசி வரைக்கும் சந்தோஷமா வெச்சிருந்திருக்கீங்க. முகத்துலயே தெரியுதே" என்று மாடி வீட்டம்மா அவரிடம் சொன்னாள்.

"படம் யாரு, நீங்களா எடுத்தீங்க? ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் இன்னொருவர்.

அவர் கைகூப்பினார். வேறென்ன செய்ய?

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். போனை எடுத்தார். உச்சியில் எடுத்த படத்தைத் தொட்டு, அழிப்பதற்கான குறியைத் தொட்டார். எல்லா இடங்களிலிருந்தும் நீக்கிவிடலாமா என்று போன் பவ்யமாகக் கேட்டது. எல்லா இடமா? பீரோவில் துண்டுக்குள் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒன்று. ஸ்டுடியோக்காரரிடம் ஒன்று. கூடத்தில் சட்டத்துக்குள் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. திருடன் நுழைய முடியாதபடி எல்லாக் கதவையும் பூட்டியவர், தானே உள்ளே மாட்டிக்கொண்டு நின்றார்.

வேண்டாம் என்பதைத் தொட்டுவிட்டு விரலை நகர்த்தினார். முந்தைய படம் வந்தது. வளைந்து இறங்கும் படிகள். சுவரோரமாக அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை மார்புக்குக் குறுக்கே கிடக்கிறது. எடுத்தபோது அந்தக் கையை அவர் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே படியில் விழுந்த வெளிச்சத்தைத்தான் பார்த்திருந்தார். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு மேலே, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. பஸ் வருமா என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை.

அதை அழிக்க வேண்டும் என்றுதான் விரல் போனது. திரையில் படாமல் அப்படியே நின்றது. அவள் அவரைப் பார்க்கும் படம் வேறு ஒன்றும் இல்லை.

"மாமா, நேரமாச்சு. எடுக்கணும்" என்று மருமகன் கதவைத் தட்டினான்.

மனைவியின் தங்கை அந்த நேரத்துக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தாள். அக்கா முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரமே கிடைத்தது. கொண்டுபோனார்கள், முடித்தார்கள், திரும்பி வந்தார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. மருமகன் இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். கூடத்தில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். ஸ்டூல்மேல் படம்.

தங்கை அதன் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் படம்தானா அது?"

"எது சித்தி?" என்றாள் மகள்.

"ஊருக்குப் போயிருந்தப்ப போன் பண்ணாளே. 'உன் அத்தான் ஒரு படத்துக்காக என்னை ரெண்டு தடவை ஏத்தி எறக்கிட்டாருடி, மூச்சு முட்டிப்போச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சா. நானும் 'நல்லா வேணும் உனக்கு'ன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள். அக்கா மகளைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். "பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மகள் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. நோய் என்னவென்று சொல்வது அவள் பாடு இல்லை. ஆனால் மூச்சை இழுத்துப் பிடிக்க முடியாமல் திணறுகிறவர்களின் முகத்தை நாள் முழுக்கப் பார்ப்பவள். சட்டத்தை வெளிச்சம் படும்படி சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

"அம்மா சிரிக்கல" என்றாள்.

"இல்ல."

குழாயில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.

"டாக்டர் கேட்டாரேப்பா."

"கேட்டார். கை கடுக்குதுன்னும் சொன்னா. நான்தான் பையைத் தூக்கினதாலன்னு..."  

மகள் சட்டத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் படம் கேட்டு அனுப்பினேனே, அது எப்போப்பா? முதல் தடவை ஏறுறதுக்கு முன்னாடியா? இல்ல, எறங்கினதுக்கு அப்புறமா?"

அவர் மகளின் வகிட்டைப் பார்த்தார். அங்கே புதிதாக நரைத்திருந்தது. இவளுக்குமா வயதாகிறது என்று அந்த நேரத்தில் போய்த் தோன்றியது.

"உன் செய்தியை நான் பாக்கவே இல்லம்மா. ரெண்டு தடவையும் ஏறி எறங்கி, லாட்ஜுக்கு வந்துதான் பாத்தேன். நீ கேட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

காலையில் சொன்ன பொய் தானாக வந்தது. இதை அவர் எடைபோட்டுப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தார்.

மகள் பக்கத்தில் கிடந்த தன் போனை எடுத்தாள். விரல் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் பதில் போட்டிருந்தார்: 'இரு, மேல போய் எடுத்து அனுப்புறேன்.'

அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. படித்தாள். ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரத்துக்கு மேலும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரையை அணைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரிப்பா" என்றாள்.

படத்தை ஸ்டூல்மேல் வைத்து, எழுந்து, புடவையை உதறிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் போனார். சித்தி டம்ளர்களைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தெருவே குடித்த டம்ளர்கள். மகள் ஒவ்வொன்றாக அலசினாள். யாரும் கூப்பிடாமலே அவர் ஆணியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

முதல் டம்ளரைக் கொடுத்தாள். துடைக்க ஆரம்பித்தார். வெளிப்பக்கம், உள்பக்கம், மறுபடி வெளிப்பக்கம். மகள் அடுத்ததை அலசிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் அந்த டம்ளரை அவர் விரல்களிலிருந்து மெல்ல வாங்கி மேடைமேல் கவிழ்த்துவிட்டு, ஈரம் சொட்டும் மற்றதை அவர் கையில் வைத்தாள்.