ஜிஸ்மி சொன்ன கேஸ்

கோட்டயம் பக்கத்து அந்த மருத்துவக் கல்லூரியில் மனநல வாரம் அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. வாசலில் 'மனம் திறந்து பேசுங்கள்' என்று பேனர். கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது என்று சுற்றறிக்கை. மனத்தைத் திறக்கிறாயா, இல்லை பரீட்சைக்கு உட்காராமல் போகிறாயா என்று கழுத்தைப் பிடிக்காத குறைதான்.

நான்காம் ஆண்டு ஜிஸ்மிக்குத் தூக்கம் போய் ஒரு மாதமாகியிருந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. தனியாக இருக்க, தன்னை நினைத்தே பயமாக இருந்தது. உதவி கேட்கலாம்தான். யாரிடம்? மனநலப் பிரிவின் தலைவர் டாக்டர் பணிக்கர்தான் இன்டர்னல் மார்க்கும் போடுகிறவர். அங்கே ஓ.பி.யில் உட்கார்ந்து நோயாளிகளிடம் கதை கேட்டு எழுதுகிறவர்கள் இவளுடைய வகுப்புத் தோழர்கள். போன வருடம் சீனியர் ஒருத்தி ஓ.பி. சீட்டு எடுத்துக்கொண்டு அங்கே போனாள். மதியத்துக்குள் மெஸ்ஸில் மோர் ஊற்றுகிறவர் வரைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு போன் செய்து பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மோளே. ஒரு வாரம் தியான மையத்துல ஜெபம், தியானம்னு கூடிட்டு வந்தா சரியாயிடும்" என்றாள் அம்மா. "டாக்டராகப் போறவ பேசுற பேச்சா இது?"

வியாழக்கிழமை வகுப்பில், வார்டு நோயாளி ஒருவரின் கேஸ் சொல்வது அவள் முறை. வார்டுக்குப் போய் யாரிடமும் பேசத் தெம்பில்லை. கேஸ் சொல்லும்போது நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டாள். பணிக்கர் முன்னால் எழுந்து நின்று தன் கதையையே ஒப்பித்தாள்.

"இருபத்திரண்டு வயசுப் பெண், சார். ஒரு மாசமா தூக்கமில்ல. பசியில்ல. எதுலயும் பிடிப்பில்ல. காரணமில்லாம அழறா."

"எவனாவது கழட்டி விட்டிருப்பான்டா" என்று பின்வரிசையில் டிட்டோ முணுமுணுத்தான். வகுப்பே சிரித்தது. நாளைய டாக்டர்கள் அல்லவா, நோயைச் சட்டென்று பிடித்துவிட்டார்கள்.

பணிக்கருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பிரமாதம்! இந்த பேட்ச்ல இப்படிக் கேஸ் எடுக்க ஒருத்தருக்கும் வராது. ஆனா முக்கியமான கேள்விய விட்டுட்டியே. சாகணும்னு நினைப்பு வருதான்னு கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"என்ன சொன்னா?"

"வருதுன்னு சொன்னா."

"அப்புறம் என்ன யோசனை? உடனே அட்மிட் பண்ணணும். துணைக்கு ஆள் இல்லாம ஒரு நிமிஷம் விடக்கூடாது. எழுதிக்குங்க, பரீட்சைக்கு வரும்."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பணிக்கர் மார்க் போடப் பேனாவைத் திறந்தார். "நல்ல கேஸ். எல்லாருமா போய்ப் பாத்துட்டு வந்துடலாம். எந்த பெட்?"

"பெட் இன்னும் குடுக்கல சார்" என்றாள் ஜிஸ்மி. "நின்னுக்கிட்டிருக்கா."

முன்வரிசையில் ஒருத்தி அதையும் எழுதிக்கொண்டாள். பணிக்கர்தான் பேனாவை மூடிவிட்டு எழுந்து, தன் நாற்காலியை ஜிஸ்மி பக்கம் தள்ளினார்.