ஹெட்கிளார்க்கின் உயரம்

வெளிநாடு போன முதல் வருஷமே ஹெட்கிளார்க் ஒன்றரை அடி குறைந்தார். ஊரில் அவர் எந்த வாசலிலும் குனிந்து நுழைகிற ஆள். அவர் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்த்தே பேசுவார்கள். மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைக்க, கூடவே போனவருக்கு ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலைதான் அமைந்தது. சேர்ந்த வாரமே பேன்ட் தரையைக் கூட்டியது. சீக்கிரமே காலி எண்ணெய் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறி நின்று கழுவ ஆரம்பித்தார். மேனேஜர் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சமையலறையில் ஏற்கெனவே சில டப்பாக்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் மேல் ஒரு முன்னாள் நீதிபதி நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்தார்.

மனைவியோ மளமளவென்று வளர்ந்தாள். வார்டு முழுக்க அவள் பொறுப்பில் வந்த அன்று வீட்டு விளக்கில் தலையை இடித்துக்கொண்டாள். "என்னங்க, பல்பு மாத்தணும்னா இனிமே என்கிட்ட சொல்லுங்க" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அப்போதுதான் தங்கை வீட்டைப் பார்க்க மச்சான் கிளம்பி வருவதாகச் சொன்னார். பெரிய கான்ட்ராக்டர். கல்யாணத்திலேயே, "மாப்பிள்ளைகிட்ட உயரத்தைத் தவிர வேற என்ன இருக்கு?" என்று கேட்டவர். ஹெட்கிளார்க்குக்குத் தூக்கம் போயிற்று. குதிகால் வைத்த ஷூ வாங்கி, அதில் நடக்கத் தெரியாமல் கழற்றி வீசினார். விமான நிலையத்தில் மனைவியின் கைப்பைக்குப் பின்னால் பதுங்கி நின்றார்.

எல்லாரும் வெளியே வந்தாயிற்று, மச்சானைக் காணோம். கடைசியில் ஒரு பெட்டி தானாக உருண்டு வந்தது. அதன் பின்னால், கோட்டின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மச்சான். விமானத்தில் நன்றாகத்தான் இருந்தாராம். பாஸ்போர்ட் வரிசையில் ஒரு பொடியன் என்ன வேலை என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டபோது உயரம் விறுவிறுவென்று இறங்கிவிட்டதாம்.

"மாப்பிள்ளே, இது சரியாயிடுமா?" என்றார் மச்சான்.

சிரித்துவிடலாம் என்றுதான் ஹெட்கிளார்க் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "பயப்படாதீங்க மச்சான், பழகிடும். என் சட்டை உங்களுக்குச் சரியா இருக்கும்."

தங்கிய நாளெல்லாம் இருவரும் பூங்கா பெஞ்சில் கால் தரையில் படாமல் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினார்கள். சாலையைக் கடக்கும்போது மனைவி நடுவில் நின்று ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொள்வாள். ஊர் மண்ணில் கால் வைத்ததும் மச்சான் பழையபடி நிமிர்ந்துவிட்டார். இரவல் சட்டைதான் முதுகில் கிழிந்தது. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டவர்களிடம், "தங்கமான மனுஷன்" என்றார், அவ்வளவுதான். இங்கே, வண்டியே வராத சாலையைக் கடக்கும்போதும் ஹெட்கிளார்க் மனைவியின் கையை விடவில்லை.