பூட்டு அத்தானின் கேசட்டுகள்

என் அக்காவின் கணவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு. வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். ஃப்ரிட்ஜுக்கும் ஒரு பூட்டு உண்டு. அந்த வீட்டில் இருப்பதே அவரும் அக்காவும்தான்.

இருவரும் பின்னறையில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார்கள். அக்கா பேசுவாள், அத்தான் பதிவு செய்வார். ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்து, "காத்திருக்கவும், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒரு பெண் கூசாமல் பொய் சொல்வதைக் கேட்டிருந்தால், அது என் அக்காவாக இருக்கலாம்.

தொண்டையில் கட்டி என்று போன மாதம் அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது அவள் போனில் எழுத்துகளைத் தட்டினால், அதிலிருக்கும் ஒரு பெண் குரல் வாசித்துக் காட்டும். பல்லைக் காட்டாத, பக்குவமான குரல். அக்கா என்னிடம் ஒருநாளும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அத்தான் அந்தக் குரலை "அந்தப் பொண்ணு" என்பார்.

சுத்தமாகப் பதிவான பழைய பேச்சு அரைமணி நேரம் இருந்தால், அக்காவின் குரலிலேயே போனைப் பேச வைத்துவிடலாம் என்று ஒரு கம்பெனி சொன்னது. டெலிபோனில் கேட்கிற கரகரப்பெல்லாம் ஆகாதாம், மூலப்பதிவுதான் வேண்டுமாம். அத்தான் கம்ப்யூட்டரைப் போட்டார். அதன் டிஸ்க் செத்திருந்தது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று, கம்ப்யூட்டரில் உள்ளதைத் தினமும் கேசட்டில் நகல் எடுத்துவைக்கும் டேப் டிரைவில் ஒரு கேசட்டைச் சொருகினார். அது விழுங்கி, கொஞ்ச நேரம் முனகி, ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிவிட்டு வெளியே துப்பியது. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். டேப் டிரைவ் ரிப்பேர்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த டிரைவை அங்கே பொருத்தியவனும் நான்தான்.

போய்ப் பார்த்தால் டிரைவ் கம்பளி போர்த்தியிருந்தது. அவரே தைத்த உறை, கேசட் போவதற்கு மட்டும் முன்னால் ஒரு கிழிசல்.

"இது எதுக்கு அத்தான்?"

"தூசி படக் கூடாதுல்ல, மாப்ள."

டிரைவுக்குள் காற்றிழுக்கும் விசிறி ஒன்று உண்டு. அது இத்தனை காலமாகக் கம்பளியை இழுத்திருக்கிறது. டிரைவின் உள்பக்கத்தைத் துடைக்கிற கிளீனிங் கேசட்டைக் கேட்டேன். கொடுத்தார். போட்ட வேகத்தில் திரும்பி வந்தது.

"இதைத் தினமும் போட்டீங்களா?"

"சுத்தம் நல்லதுதானே."

"இதுக்கு ஆயுசு உண்டு அத்தான். முடிஞ்சு போச்சு."

மூடியைக் கழற்றினேன். ஒரு பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு வந்தது. படிக்கும் முனையை ஸ்பிரிட் நனைத்த குச்சியால் துடைத்து, உருளைகளையும் துடைத்து, மூடாமலேயே ஒரு கேசட்டைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள்.

கேசட் காலி. அடுத்ததும் காலி. அலமாரித் தட்டில் நாள்வாரியாக லேபிள் ஒட்டி அடுக்கியிருந்த எல்லாமே காலி. கடைசியாக வந்ததைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. கேசட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புத் துண்டு இருக்கும். அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் கேசட்டைப் படிக்கலாம், புதிதாக எதுவும் எழுத முடியாது. எல்லாக் கேசட்டிலும் அது தள்ளியிருந்தது.

"புதுசு வாங்கின உடனே பூட்டிருவேன்," என்றார் அத்தான். "யாரும் அழிச்சிரக் கூடாது பாரு."

"அழிக்கிறதுக்கு முதல்ல அதுல ஏதாவது இருக்கணும் அத்தான். கம்ப்யூட்டர் ஒண்ணுமே சொல்லலையா?"

"தினமும் சொல்லுமே. 'கேசட் பூட்டியிருக்கு'ன்னு வரும். நானும் நிம்மதியா, சரின்னு அழுத்திட்டுப் போய்ப் படுத்துருவேன்."

எனக்கு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. இந்த இடத்தில் அக்கா ஒரு கூச்சல் போட்டிருக்க வேண்டும். வழக்கமாக நான் வாய் திறப்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்துவிடுவாள். இன்றைக்குப் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"முத கேசட்டு ஒண்ணு இருக்கு," என்றார் அத்தான் மெதுவாக. "நீ வச்சுட்டுப் போனது."

அது இரும்புப் பீரோவுக்குள், ஒரு டப்பாவுக்குள் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. கேசட்டின் மேல் என் கையெழுத்தில் 'சோதனை' என்றிருந்தது. டிரைவைப் பொருத்திய அன்று நானே எழுதிப் பார்த்தது. நான் கிளம்பியதும் அவர் பூட்டியிருக்கிறார். போட்டேன். ஒரே ஒரு ஃபைல் இருந்தது. கையோடு என் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் விட்டேன்.

"என்னத்தடா பேசச் சொல்ற?" என்றது அக்காவின் குரல்.

அத்தான் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தார்.

அன்றைக்குச் சோதித்துப் பார்க்க ஒரு ஃபைல் வேண்டும் என்பதற்காக அக்காவை மைக் முன்னால் உட்கார வைத்து, எதையாவது பேசு என்றிருந்தேன். என்ன பேசுவதென்று அவள் முழித்துக்கொண்டிருந்தபோது அத்தான் உள்ளே வந்து, மைக்குக்கு ஒரு பூட்டு வாங்கலாமா என்று கேட்டார். அப்புறம் அவளுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

"மைக்குக்குப் பூட்டா? ஏங்க, ஃப்ரிட்ஜைப் பூட்டி வைக்கிற மனுஷனை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? யாரு வந்து நம்ம முட்டையைத் தூக்கிட்டுப் போகப் போறா? என்னையும் பூட்டி வச்சிருங்க, அது ஒண்ணுதான் பாக்கி..."

அரைமணி நேரத்தைத் தாண்டியும் ஓடியது. துளி கரகரப்பு இல்லை. அத்தான் ஸ்பீக்கருக்கு முன்னால் கைகட்டி நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். அக்கா சத்தமில்லாமல் சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை.

"இது போதுமா மாப்ள? வெறும் திட்டாத்தானே இருக்கு."

"தாராளமாப் போதும். ஆனா அக்கா எதைத் தட்டினாலும், கொஞ்சம் திட்டுற மாதிரிதான் வரும்."

"வரட்டும்," என்றார். "இன்னொரு தடவை போடு."

அது ஓடி முடிந்ததும், ஒரு காலிக் கேசட்டின் சிவப்புத் துண்டைத் திறந்து இன்னொரு பிரதி எடுத்தேன். சூடாக வெளியே வந்ததை அத்தான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் தானாகச் சிவப்புத் துண்டுக்குப் போனது, பாதியில் நின்றது. தப்புச் செய்தவரைப் போல அக்காவைப் பார்த்தார்.

அக்கா போனை எடுத்துத் தட்டினாள்.

"பூட்டுங்க," என்றது அந்தப் பொண்ணு, மரியாதையாக.

அத்தான் தள்ளினார். நகத்தால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.