வலைக்கண்

குளத்து மீன் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே வந்தது. அப்பா காலத்தில் முழங்கை நீளம் இருந்தது. இப்போது உள்ளங்கையைத் தாண்டினாலே தம்பி விசில் அடித்தான்.

"தண்ணி கெட்டுப்போச்சுக்கா. குளத்தை மூடிட்டு லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுடலாம்."

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தாள், குறையில்லை என்றார்கள். தீவனத்தை மாற்றினாள், மீன்கள் தின்று தீர்த்துவிட்டுச் சின்னதாகவே இருந்தன.

அவர்கள் வெளியில் குஞ்சு வாங்குவதில்லை. பெரிய கண் வலைதான் போடுவார்கள். நழுவுவதெல்லாம் குஞ்சு, அதன்மேல் கைவைக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

அன்று வலை மடிப்பில் ஒரு குஞ்சு சிக்கிச் செத்துக் கிடந்தது. பூனைக்குப் போடலாமென்று வயிற்றைக் கீறினாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சினை.

"டேய், இது என்ன?"

"குஞ்சு."

"குஞ்சு வயித்துல முட்டை இருக்குமாடா, மடையா?"

தம்பி குனிந்து பார்த்தான். "அய்யய்யோ, இது அம்மா மீனுக்கா!"

அக்கா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மளமளவென்று வளர்ந்ததெல்லாம் முட்டையிடுவதற்குள் வலையில் விழுந்திருக்கிறது. குட்டையாகவே சினைபிடித்தது தப்பியிருக்கிறது. தப்பியதுதான் பெற்றது, பிள்ளைகளும் தாயைப் போலவே. மீன் ஒன்றும் திட்டம் போடவில்லை. இத்தனை வருடமும் வலைக்கண்தான் பொறுக்கிப் பொறுக்கி மிச்சம் வைத்திருக்கிறது.

"தண்ணி மேல பழி போட்டோமே. நாமதான்டா குட்டையாக்கினது."

அதற்குள், மீன் வாங்க வந்திருந்த மீன்கடைக்காரர், அன்று பிடித்துப் போட்ட தொட்டியிலிருந்த இரண்டு பெரிய மீன்களில் ஒன்றைத் தராசில் வைத்துவிட்டார். அக்கா பாய்ந்து எடுத்தாள்.

"அம்மா, அது நான் எடுத்த மீனு!"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இனிமே சின்னது எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்குங்க. வளர்ற வம்சம் இதுங்ககிட்டதான் மிச்சமிருக்கு."

"உங்க அக்காவுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு தம்பி," என்றார் அவர்.

அவள் மீனைத் தண்ணீரில் விட்டாள். தம்பி தலையைச் சொறிந்தான்.

"பழையபடி ஆக எத்தனை வருஷமாகும்க்கா?"

"தெரியல. மெதுவாத்தான் ஆகும். ஆனா மூடிட்டா ஆகவே ஆகாது."

அவன் தொட்டிக்குள் கையை விட்டு இரண்டாவது மீனைத் தூக்கினான். அது வாலால் கன்னத்தில் ஓர் அறை விட்டது. மீன்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி கன்னத்தைத் துடைக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, மீனைப் பதமாக நழுவவிட்டான்.

"போ, நிறைய பெத்துக்கோ," என்றான்.