மறந்துட்டேன் டீச்சர்

“நான் பேசறப்போ நீங்க ஏன் டீச்சர் வாயசைக்கறீங்க?”

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி இது. டீச்சர் சிரித்துவிட்டார்.

“நீ மறந்துட்டா எடுத்துக் கொடுக்கத்தான் கண்ணு.”

“நான் மறக்கலயே.”

“மறந்துட்டா?”

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “மறந்தா யோசிப்பேன்.”

அந்தப் பதிலை அன்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் முள் தைத்தவர்போல ஆனார்.

பதினாறு வருடமாகச் சின்னப் பிள்ளைகளை மேடையேற்றுவது அவர் பொறுப்பு. விழாவன்று திரை ஓரமாக நின்றுகொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் பேச்சையும் சத்தமில்லாமல் கூடவே சொல்லுவார். யாராவது மூன்று நொடி நின்றால் போதும், அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து பாய்ந்துவிடும். “எங்க பிள்ளைங்க மேடையில திணறினதா சரித்திரமே இல்ல” என்பது அவருடைய பெருமை.

விழாவில் சிறுமி பேசியது அவள் அப்பாவைப் பற்றி. அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவளும் கணீரென்றுதான் ஆரம்பித்தாள். “லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்க பயந்துடுவாங்க. எங்க அப்பா ஓடிப் போவார். கதவுகிட்ட நிப்பார்…”

அங்கே நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

“பயப்படாதீங்க!” என்றார் டீச்சர். பதற்றத்தில் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பக்கத்திலிருந்த மைக் அதை அப்படியே வாங்கி அரங்கம் முழுக்க இறைத்தது. கொல்லென்று சிரிப்பு. சிறுமி திடுக்கிட்டு விழித்தாள், வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள்.

“என்னாச்சு?” என்று தலைமையாசிரியை விரைந்து வந்தார்.

“மறந்துட்டா, பாவம்” என்றார் டீச்சர்.

அந்த ஒரு வார்த்தை எப்படி அவ்வளவு சுலபமாக வந்ததென்று அவருக்கே தெரியவில்லை. சொன்னபோது சிறுமி அவர் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டாள்.

மறுநாள் ஓவிய வாத்தியார் கிண்டலடித்தார். “மேடம், மைக்ல உங்க குரல் நல்லா எடுக்குது. அடுத்த வருஷம் பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு, பதினெட்டுப் பேச்சையும் நீங்களே பேசிடுங்க!” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

ஆனால் வகுப்பில் அந்தப் பிள்ளை மாறிப்போயிருந்தாள். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால், “மறந்துட்டேன் டீச்சர்.” புத்தகத்தைத் திறந்துவைத்து, படி என்றாலும், “மறந்துட்டேன் டீச்சர்.” அடமில்லை, அழுகையில்லை. தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். காலையில் பிரார்த்தனைக்குக் கை கூப்பும்போதுகூட டீச்சருக்கு அந்தக் குரல்தான் கேட்டது. கடவுளிடம் என்னவென்று மன்னிப்புக் கேட்பது? பொய்யை அவள் தலையில் அல்லவா சுமத்தியிருக்கிறோம்!

மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். அப்பாக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு உங்களுக்குத் தலைகுனிவாப் போச்சு. மன்னிச்சிடுங்க டீச்சர். மறதிக்கு யாராவது டாக்டரைப் பாக்கலாமான்னு வீட்டுல பேசிக்கிட்டிருக்கோம்.”

டீச்சர் கையிலிருந்த மதிப்பெண் அட்டையைக் கீழே வைத்தார்.

“தப்பு என் மேலயும் இருக்கு” என்று அவரே தொடர்ந்தார். “விழா அன்னிக்குக் காலையில கேட்டா, ‘கதவுகிட்ட போனதும் முதல்ல என்னப்பா செய்வீங்க’ன்னு. கதவுல காதை வச்சுக் கேப்பேன், உள்ள யாராவது அழறாங்களான்னு. அப்புறம்தான் குரல் கொடுப்பேன்னு சொன்னேன். ‘அதையும் செஞ்சு காட்டறேன்’னா. புதுசா ஒண்ணைச் சேர்த்ததுல குழம்பிட்டா போல.”

சாய்ந்த தலை. மூடிய கண். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அவ குழம்பல. மறக்கவும் இல்ல” என்றார். “கேட்டுக்கிட்டிருந்தா. நான்தான் குறுக்க விழுந்து கெடுத்தேன். கெடுத்துட்டு, பழியையும் குழந்தை தலையில போட்டேன்.”

அப்பா தன் வேலைத் தொப்பியைக் கையில் சுருட்டினார், பிரித்தார்.

“டாக்டர்கிட்ட காட்டலாம்னு அவ காதுபடவே பேசிட்டோமே டீச்சர்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. எழுந்தபோது, “இதை அவகிட்டயும் சொல்லிடுங்க” என்றார்.

டீச்சர் தலைமையாசிரியையிடம் அன்றே உண்மையைச் சொன்னார். மறுநாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். சிறுமி மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்த டீச்சருக்கு அது இன்னும் கனத்தது.

சாயங்காலம் பள்ளி காலியானதும், அப்பா வந்து கூப்பிடும்வரை காத்திருந்த சிறுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“எனக்கு அந்தப் பேச்சை முழுசாக் கேக்கணும். மைக் வேண்டாம். யாரும் வேண்டாம். நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேன்.”

சிறுமி அவர் முகத்தைப் பார்த்தாள். “வாய்?”

“அசைக்க மாட்டேன்.”

காலி அரங்கத்தில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் போட்டு டீச்சர் உட்கார்ந்தார். சிறுமி மேடையேறினாள். குரல் முதலில் எழும்பவில்லை. பிறகு மெல்ல வந்தது. லிஃப்ட் நின்றது. அப்பா ஓடினார். கதவுகிட்ட நின்றார்.

தலை சாய்ந்தது. கண் மூடியது.

மூன்று நொடி போனது. பத்து போனது. உண்மையிலேயே மறந்துவிட்டாளோ? அடுத்த வார்த்தை டீச்சரின் நாக்கு நுனிவரை வந்து முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். மறந்திருந்தால் யோசிப்பாள். யோசிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். வெளியே குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சிறுமி கண்ணைத் திறந்தாள்.

“பயப்படாதீங்க” என்றாள், மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவரிடம் சொல்வதுபோல. “நான் இங்கதான் இருக்கேன்.”